பரங்கியர் நாடிய வைத்தியர்

வேற்று மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்க்கு இதைச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. உடம்பு சுடத் தொடங்கியதும் நாம் முதலில் விசாரிப்பது, இந்த வட்டாரத்தில் தமிழ் பேசும் டாக்டர் எவரேனும் உண்டா என்பதைத்தான். கடைத்தெருவில் பேரம் பேசவும் பேருந்தில் இடம் கேட்கவும் வேண்டிய அயல்மொழி, சில திங்களில் நாவுக்குப் பழகிவிடுகிறது. ஆனால் வயிறு பிசைகிறது, குடைகிறது, சுருட்டிப் பிடிக்கிறது என்று நோவின் வகைகளை வேறுபடுத்தி உரைக்க, பிறந்த வீட்டு மொழியே துணைக்கு வருகிறது. பத்தியம் இன்னதென்று கேட்கும்போதும், நம் அடுக்களையை அறிந்தவர் சொன்னால்தான் மனம் ஒப்புகிறது.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் நாட்டின் மேற்குக் கரையில் வந்து தங்கிய போர்த்துகீசியர், இதனினும் பெரியதோர் இக்கட்டில் அகப்பட்டிருந்தனர். அவர்கள் ஆள வந்தவர்கள். கோட்டையும் பீரங்கியும் உடையவர்கள். எனினும் நோய்ப்படுக்கையில் விழுந்தபோது, எவரிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வது என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்தது. அவர்களுடைய சமயத் தலைவர்கள் ஒரு விடை கூறினர். நோயாளிகள் வேறொரு விடையைக் கண்டனர். அந்த வரலாற்றை இங்கே சிறிது பார்ப்போம்.

அபோன்சோ த அல்புகெர்க்கு என்னும் போர்த்துகீசியத் தளபதி 1510-ஆம் ஆண்டு நவம்பரில் கோவாவைக் கைப்பற்றினான். நகரம் கைக்கு வந்த கையோடு அவன் அமைத்தவற்றுள் ஒன்று ஆஸ்பத்திரி. காரணம் வெளிப்படை. லிஸ்பனிலிருந்து மார்ச்சு மாதவாக்கில் புறப்படும் கப்பல், எல்லாம் நல்லபடி நடந்தால், செப்டம்பரில் கோவா வந்து சேரும். ஆறு மாதக் கடல் வாழ்வு. பச்சைக் காய்கறி கண்ணிற் படாது, குடிதண்ணீர் நாறிப்போயிருக்கும். ஈறு வீங்கிப் பல் ஆட்டம் கண்டு, கால்கள் பருத்து, நடக்கமாட்டாமல் கரையிறங்குவோர் கூட்டம் கூட்டமாக இருந்தனர். அவர்களைப் படுக்கவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

பிழைத்து எழுந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லின்ஸ்கோத்தன் என்ற இளைஞர், 1583 முதல் ஐந்தாறு ஆண்டுகள் கோவாவில் தங்கி, பேராயரின் இல்லத்திலேயே எழுத்தராகப் பணிபுரிந்தவர். பிற்பாடு 1596-இல் அவர் வெளியிட்ட நூல் அக்காலத்துக் கோவாவை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. மணமாகாத போர்வீரர் பத்துப் பன்னிருவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்களாம். நல்ல உடுப்பு அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டு மூன்றுதான். ஒருவர் அதை அணிந்து மிடுக்காக வெளியே போனால், மற்றவர்கள் அவர் திரும்பும்வரை வீட்டிலேயே அடைந்துகிடப்பார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒற்றை அறையில் எண்மராய்ச் சேர்ந்து வாழ்ந்து, நேர்முகத் தேர்வுக்கு நண்பரின் சட்டையை இரவல் வாங்கிச் சென்ற நம் இளைஞர்கள் இதைக் கேட்டால் வியப்புறமாட்டார்கள்.

உணவும் மெல்ல மாறியது. சோற்றின்மேல் மீன் குழம்பை ஊற்றி உண்டார்கள். அதற்குக் 'கறி' என்று பெயர் என்றும், சற்றே புளிப்பாயினும் சுவையாக இருக்கும் என்றும் லின்ஸ்கோத்தன் எழுதுகிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த போர்த்துகீசிய இல்லத்துப் பெண்கள் கையாலேயே உண்டனர். கரண்டி பிடித்து உண்பவரைக் கண்டால் நகைத்தனர். நாள் முழுவதும் வெற்றிலை மென்றனர். அடிக்கடி நீராடினர். அக்காலத்து ஐரோப்பாவில் அது வழக்கமே அன்று. தண்ணீர் குடிக்கும் முறைதான் எல்லாவற்றினும் வேடிக்கை. மெல்லிய மண்குடுவையை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். லிஸ்பனிலிருந்து புதிதாக வந்தவன் அப்படிக் குடிக்க முயன்று, மார்பெல்லாம் நனைந்து புரையேறி நிற்பான். சுற்றியிருப்போர் கைகொட்டிச் சிரிப்பார்கள். நம் வீட்டுக் குழந்தைகளும் அண்ணாந்து குடிக்கப் பழகும் நாளில் பெறும் வரவேற்பு இதுதான்.

குடிதண்ணீரைப் பங்கேனிம் என்ற ஊற்றிலிருந்து அடிமைகள் குடத்தில் சுமந்துவந்து தெருத்தெருவாக விற்றார்கள். அந்த அடிமைகளைப் பற்றி அக்கால நூல்கள் போகிற போக்கில்தான் பேசுகின்றன. கோவாவின் சொகுசு முழுவதும் அவர்கள் முதுகின்மீது நின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் நோயுற்றால் அரச ஆஸ்பத்திரியில் இடமில்லை. அது ஐரோப்பியக் கிறிஸ்தவர்க்கு உரியது.

அந்த ஆஸ்பத்திரியின் புகழோ உலகெங்கும் பரவியிருந்தது. பிரான்சு நாட்டவரான பிரார் என்பவர் 1602-இல் மாலத் தீவுகளில் கப்பலுடைந்து கரையேறி, அங்கே ஐந்தாண்டு சிறைப்பட்டுக் கிடந்து, பின்னர் எங்கெங்கோ அலைந்து, போர்த்துகீசியரிடம் அகப்பட்டு, 1608-இல் நோயாளியாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஆற்றங்கரையில் நின்ற அந்தக் கட்டடத்தைக் கண்டதும் அதை ஓர் அரண்மனை என்றே அவர் எண்ணிவிட்டார். உள்ளே சென்றதும் நாவிதன் வந்து முடி களைந்தான், உடலைக் கழுவிவிட்டார்கள், தூய ஆடை தந்தார்கள். அரக்குப் பூச்சுப் பூசிய கட்டில், பஞ்சு மெத்தை, வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் விசிறி, குடிக்கத் தண்ணீர்க் குடுவை. உணவு வந்ததோ சீனத்துப் பீங்கான் தட்டில், அதுவும் கோழிக்கறி. நாளுக்கு இருமுறை மணியோசை கேட்கும். மருத்துவரும், அறுவை வைத்தியரும், மருந்து கலப்போரும், குருதி வாங்குவோரும் வரிசையாக வந்து ஒவ்வொரு கட்டிலருகேயும் நிற்பார்கள். அப்போது நிருவாகம் ஏசு சபைத் துறவிகளின் கையில் இருந்தது. உலகத்தில் இதற்கு இணையான ஆஸ்பத்திரி இல்லை என்று பிரார் மனமுருகிப் பாராட்டுகிறார். பல ஆண்டுகள் சிறைப்பட்டு அலைந்தவருக்கு அந்த வெள்ளை விரிப்பு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கே நுழைந்தவர் எல்லோரும் வெளியே வரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேர் அதில் இறந்ததாக லின்ஸ்கோத்தன் குறிக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் மட்டும் 25,000 போர்வீரர்கள் அங்கே மாண்டதாக ஒரு கணக்கு வரலாற்று நூல்களில் வழங்குகிறது. பீங்கான் தட்டுக்கும் பிழைத்தலுக்கும் தொடர்பு இருக்கவில்லை. காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்பது 1897-இல் ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் ஆராய்ந்து கண்டபின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் காய்ச்சல் என்றால் நரம்பைக் கீறிக் குருதியை வெளியேற்றினார்கள். தணியாவிட்டால் மறுபடியும் கீறினார்கள். ஏற்கெனவே வெளிறிப்போனவன் மேலும் வெளிறினான். பதினேழாம் நூற்றாண்டின் இடையில் கோவாவுக்கு வந்த தவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகர், ஆஸ்பத்திரியின் பழஞ்சீர் குலைந்துவிட்டதைக் கூறி, ஒரு செய்தியையும் தருகிறார். பலமுறை குருதி இழந்தவர்க்கு நிறம் திரும்பப் பசுவின் நீரைச் சில நாள் தொடர்ந்து குடிக்கக் கொடுத்தார்களாம். துறவிகள் நடத்திய ஆஸ்பத்திரிக்குள் கோமூத்திரம் எந்த வாசல் வழியாக வந்து சேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அந்த வாசலைத் திறந்தவர்கள் நோயாளிகளே. கோவாவில் இந்து வைத்தியர் பலர் இருந்தனர் என்றும், அவர்கள் போர்த்துகீசியப் பெருமக்களைப் போலவே குடை பிடிக்க ஆளை அமர்த்தி வீதியில் சென்றனர் என்றும், தூதுவரும் பெருவணிகரும் ஒழிய மற்ற இந்துக்கள் எவர்க்கும் அத்தகைய பெருமை இருந்ததில்லை என்றும் லின்ஸ்கோத்தன் எழுதுகிறார். அடுத்து அவர் சொல்வது இன்னும் முக்கியமானது. அவர்கள் தம் மக்களுக்கு மட்டுமன்றிப் போர்த்துகீசியருக்கும் வைத்தியம் பார்த்தனர். அரசப் பிரதிநிதியும், பேராயரும், மடத்துத் துறவிகளும்கூடத் தம் நாட்டு மருத்துவர்களைவிட இவர்களையே மிகுதியும் நம்பினர். பேராயரின் வீட்டுக்குள்ளேயே இருந்து எழுதியவர் சொல்லும் சாட்சியம் ஆதலின், இதை எளிதில் தள்ளிவிட இயலாது.

இதன் சுவை, சட்டம் என்ன சொல்லிற்று என்பதை அறிந்தால்தான் விளங்கும். லின்ஸ்கோத்தன் வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1567-இல், கோவாவில் கூடிய திருச்சபையின் முதல் மாகாணச் சங்கம், கிறிஸ்தவர் எவரும் வேற்றுச் சமயத்து வைத்தியரையோ, மருத்துவச்சியையோ, நாவிதரையோ அழைக்கலாகாது என்று விதித்திருந்தது. நோயாளியின் காதோரம் அமர்ந்திருப்பவன் அவன் உயிரை மட்டும் தொடுவதில்லை. இறுதி நேரத்தில் அவன் உள்ளத்தையும் தொட்டுவிடக்கூடும் என்ற அச்சமே அந்த விதிக்கு அடிப்படை. இந்து வைத்தியர் குதிரையிலும் பல்லக்கிலும் நகருக்குள் செல்லலாகாது என்று 1574-இல் ஓர் ஆணையும் பிறந்தது. ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பல்லக்கில் போகாதே என்று ஆணையிடுவதென்றால், அதுவரை போய்க்கொண்டிருந்தார்கள் என்பது பொருள். அவ்வாறு போவதற்கு வேண்டிய பணம், அந்நகரத்து நோயாளிகளின் பையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

1618-இல் கோவா நகரசபை வேறொரு தீர்மானம் செய்தது. தேர்வு பெற்று உரிமம் உடையவரே வைத்தியம் பார்க்கலாம். இந்து வைத்தியரின் தொகை முப்பதுக்கு மேல் போகலாகாது. விலக்கப்பட்டவரை எண்ணி வரம்பு கட்டும் நிலைக்கு நகரம் வந்து சேர்ந்துவிட்டது. ஐம்பத்தோர் ஆண்டுக் காலத்தில் தடை உரிமமாக மாறிய விந்தையை எந்தச் சமயவாதமும் செய்யவில்லை. காய்ச்சலும் பேதியும் செய்தன.

இந்த மாற்றத்தின் உட்புறத்தை ஒரு மனிதர் நமக்கு எழுதிவைத்துச் சென்றிருக்கிறார். அவர் பெயர் கார்சியா த ஓர்த்தா. ஸ்பெயினில் மருத்துவம் பயின்று, லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தியவர். 1534 மார்ச்சில் கப்பலேறி அதே ஆண்டு செப்டம்பரில் கோவா வந்தவர், சாகும்வரை திரும்பிப் போகவேயில்லை. அகமதுநகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கு அவர் மருத்துவராகச் சென்றுவந்தார். சுல்தான் அவருக்கு மருந்துகளின் அரபுப் பெயர்களைக் கற்பித்தாராம். இவர் அவற்றின் இலத்தீன் பெயர்களைச் சுல்தானுக்குக் கற்பித்தாராம். மும்பைத் தீவு அவருக்குக் குத்தகையாகக் கிடைத்திருந்தது. அங்கே தமக்குச் சொந்தமான மாமரம் ஒன்று ஆண்டுக்கு இருமுறை காய்க்கும் என்று பெருமிதத்தோடு குறிக்கிறார். இன்று மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்கள், தாம் குடியிருக்கும் பெருநகரம் ஒரு காலத்தில் ஓர் அயல்நாட்டு வைத்தியரின் குத்தகை நிலமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவருடைய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சாயிற்று. இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய உரையாடல்கள் அதில் உள்ளன. ருவானோ என்ற கற்பனைப் பாத்திரம் ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த மருத்துவர். கிரேக்க நூல்களில் உள்ளதே வேதம் என்று நம்புபவர். ஓர்த்தா அவருக்குத் தாம் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறார். இடையிடையே வீட்டுப் பணிப்பெண் அந்தோனியா வந்து ஏதேனும் காயையோ வேரையோ காட்டிவிட்டுப் போகிறாள். மாலுப்பா என்ற இந்து வைத்தியரும் தோன்றுகிறார். ஓர்த்தா வெளிப்படையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறார். நோயாளியைத் தாம் முதலில் தம் நூல்கள் கூறும் முறைப்படியே நடத்துவதாகவும், அது பயன்படாதபோது இந்நாட்டு அந்தணர்களின் மருத்துவத்தைக் கையாளுவதாகவும் எழுதுகிறார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர் இப்படி அச்சில் எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

கழிச்சல் நோய்க்கு 'மலையாள மூலிகை' என்று போர்த்துகீசியர் அழைத்த ஒரு மரத்தின் பட்டையை அவர் பெரிதும் பாராட்டுகிறார். அது நாம் குடசப்பாலை என்று வழங்கும் மரமே என்று ஆராய்ச்சியாளர் தெளிந்திருக்கின்றனர். காய்ச்சற்காரரைப் பத்துப் பதினைந்து நாள் உணவின்றி வைத்துப் பின் பாசிப்பயற்று நீர் கொடுக்கும் தக்காண வழக்கத்தையும் வியப்போடு விவரிக்கிறார். ஆஸ்பத்திரியில் கோழிக்கறி, வெளியே பயற்று நீர். இரண்டு பத்தியங்களுக்கும் இடையில் போர்த்துகீசிய நோயாளி நின்று தயங்கிய காட்சியை நாம் மனக்கண்ணால் காணலாம்.

அந்நூலின் மறக்கமுடியாத பகுதி, வாந்திபேதியைப் பற்றியது. கோவா மக்கள் அதை 'மோர்ஷி' என்றனர். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் அது மிகுதி. பற்றினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். கண் உள்ளே போவதையும், நாடி தளர்வதையும், கை கால் குரக்குவலி கொண்டு இழுப்பதையும், தாகம் தணியாமல் நோயாளி தவிப்பதையும் ஓர்த்தா உள்ளவாறே எழுதிவைத்தார். ஐரோப்பியர் ஒருவர் அந்நோயை நேரிற் கண்டு எழுதிய குறிப்புகளுள் இதுவே மிகப் பழைமையானவற்றில் ஒன்று. நம்மவர் அதற்குச் செய்த வைத்தியத்தையும் சொல்லுகிறார். அரிசியை வேகவைத்துப் பிழிந்த நீரில் மிளகும் சீரகமும் சேர்த்துக் குடிக்கக் கொடுப்பார்களாம். அதன் பெயரை 'கஞ்சே' என்று எழுதுகிறார். நம் கஞ்சிதான்! கன்னடமும் கொங்கணியும் வழங்கும் கோவாக் கரையில், தென்னாட்டுச் சொல் ஒன்று போர்த்துகீசிய மருத்துவ நூலுக்குள் இப்படிக் குடியேறிவிட்டது. அதற்கு ஈடாக அவர்கள் நம் வீடுகளுக்குள் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்ற சொற்களை வைத்துவிட்டுப் போனார்கள் என்பதையும் நினைவுகூரலாம்.

நம் நாட்டு வைத்தியம் செய்தது யாவும் சரி என்று சாதிக்க நாம் முற்படவில்லை. அதே நோயாளியின் பாதத்தைக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள் என்பதையும் ஓர்த்தா எழுதியிருக்கிறார். அதனால் எவரும் பிழைத்திருக்க வழியில்லை. ஆனால் கஞ்சியைப் பற்றி இன்றைய விஞ்ஞானத்திற்குச் சொல்ல ஒன்று உண்டு. வாந்திபேதியில் உயிரைக் கொல்வது உடல் நீரும் உப்பும் வற்றிப்போவதே. 1971-இல் கிழக்கு வங்காள அகதிகள் நிறைந்திருந்த போங்காவ் முகாமில், நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து எண்ணற்றோரைக் காத்தார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், சர்க்கரைக்கு மாற்றாக அரிசி மாவும் அதே பணியைச் செய்யும் என்று காட்டின. கோவாவில் அன்று கஞ்சி கொடுத்தவர்க்கு இக்காரணம் தெரியாது. எனினும் நோயாளிக்குத் தண்ணீரே ஆகாதென்று தடுத்தவரைவிட அவர் நல்லவரே.

ஓர்த்தா ஏன் வேற்று வைத்தியரிடம் இத்துணைத் திறந்த மனத்தோடு பழகினார்? அறிவு வேட்கை ஒரு காரணம். மற்றொன்றை அவர் வாழ்ந்த காலத்தில் எவரும் உரக்கச் சொல்லவில்லை. அவருடைய பெற்றோர் யூதர்; 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, போர்த்துகலில் கட்டாயத்தின்பேரில் மதம் மாற்றப்பட்டவர்கள். வெளியே கிறிஸ்தவராகவும் வீட்டுக்குள் யூதராகவும் வாழ்ந்த குடும்பம் அது. சமய விசாரணை மன்றத்தின் கைக்கு எட்டாத தொலைவு என்று எண்ணியே அவர் கோவாவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மன்றம் 1560-இல் கோவாவுக்கும் வந்துவிட்டது. வேற்றுச் சமயத்தானை நம்பாதே என்ற விதியை எழுதியவர்கள், தம் நோய்க்கு நம்பி அழைத்த மருத்துவரே அவர்கள் கணக்கில் வேற்றுச் சமயத்தவர்தான் என்பதை அறியாதிருந்தனர். ஓர்த்தா 1568-இல் இயற்கையாக இறந்தார். அடுத்த ஆண்டே அவர் தங்கை கத்தரீனா யூத நெறியை ஒழுகிய குற்றத்துக்காக உயிரோடு எரிக்கப்பட்டாள். 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். பேராயர்க்கும் அரசப் பிரதிநிதிகளுக்கும் மருந்து கொடுத்த கையின் எலும்பும் அந்தத் தீயில் இருந்தது.

நூல் மட்டும் தப்பியது. 1567-இலேயே குளூசியுஸ் என்ற தாவர அறிஞர் அதனைச் சுருக்கி இலத்தீனில் வெளியிட்டிருந்தார். அதன்வழியே ஐரோப்பா முழுவதும் இந்திய மருந்துகளை அறிந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து இதே கரையில், இன்னும் தெற்கே, கொச்சியில் டச்சுக்காரருக்கும் அதே கவலை வந்தது. 1663-இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த அவர்களுடைய போர்வீரர்களும் நோயில் விழுந்தனர். ஹாலந்திலிருந்து வரும் மருந்துப்பெட்டி, கடலில் பல மாதம் கிடந்து சத்திழந்து வந்து சேரும். அப்பெட்டியில் இருந்த சரக்குகளிற் சில, முன்பு இதே மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவையே என்பதைக் கொச்சியின் தலைவர் வான் ரீட் கண்டுகொண்டார். தோட்டத்தில் விளைவதை உலகைச் சுற்றிவரச் செய்து, கெட்டபின் விலை கொடுத்து வாங்குவானேன்? அவர் உள்ளூர் வைத்தியர்களை அழைத்தார். சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், தம் குடும்ப ஏடுகளில் உள்ள மூலிகைகளையும் அவற்றின் பயனையும் சொல்லிவந்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி அந்தணர் மூவரும் உடன் உழைத்தனர். அவர்கள் 1675 ஏப்ரலில் எழுதித் தந்த சான்றுரைகள், 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்த மாபெரும் நூலிலேயே அச்சிடப்பட்டுள்ளன. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் 740-க்கு மேற்பட்ட செடிகொடிகள் உள்ளன. கோவாவில் பெயரின்றிக் குடைநிழலில் நடந்துபோன வைத்தியர்களோடு ஒப்பிட்டால், தம் பெயரையும் கையெழுத்தையும் நூலிலேயே பொறித்துச் சென்ற இந்நால்வரும் பேறு பெற்றவர்கள். கேரளத்து அறிஞர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்தில் பெயர்த்த அந்நூல் 2003-இல் வெளிவந்தது.

கிழக்குக் கரையில் நம் சென்னைக்கும் இக்கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. ஆங்கிலப் போர்வீரர் கோட்டைக்குள் படுத்த படுக்கையாய் மடிவதைக் கண்டு, 1664-இல் கோகன் என்பாரின் வீட்டை வாடகைக்குப் பிடித்து ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் பெரிய ஆஸ்பத்திரியின் மூலம் அதுவே. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சாமுவேல் பிரவுன் என்பவர் மருத்துவராக இருந்தார். 1693-இல் முத்துப் பொடி அரைத்த கல்வத்தில் முன்பு பாஷாணம் அரைத்த மிச்சம் இருந்துவிட, அப்பொடியை உண்ட கவுன்சில் உறுப்பினர் வீலர் இறந்துபோனார்; பிரவுன் அதைத் தாமே அறிவித்து விசாரணைக்கு நின்று, விடுவிக்கப்பட்டார். அவர்தான் சென்னையைச் சுற்றியுள்ள காடுமேடுகளில் தமிழ் வைத்தியர் காட்டிய இலைகளையும் வேர்களையும் பறித்து உலர்த்தி, அவற்றின் பெயரையும் பயனையும் கேட்டெழுதி, லண்டனில் இருந்த பெட்டிவர் என்ற மருந்து வணிகருக்குக் கப்பலில் அனுப்பிவந்தார்.

பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சிட்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்று தவறாக வழங்கியதால், 'மலபார்ப் பெயர்கள்' என்றே அவை குறிக்கப்பட்டன. சொற்களைப் படித்துப் பார்த்தால் ஈற்றில் மரம் என்றும், செடி என்றும் நம் காதுக்குப் புலப்படும். பிரவுன் அனுப்பிய உலர்ந்த இலைகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்லோன் தொகுதியின் தாள்களில் ஒட்டப்பட்டு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.